ஒற்றைத் தண்டையும் மஞ்சளித்த மோதிரமும்

பிள்ளைகளே, என் பேத்திக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார். மோதிரம் மாற்றுவதற்கென்று இரண்டு படங்களை அனுப்பி, பிடித்ததைச் சொல்லும்படி கேட்டிருந்தார். ஒன்று வெள்ளி. மற்றது வைட் கோல்ட் என்று நீங்கள் சொல்கிற வெள்ளைத் தங்கம். படத்தில் இரண்டும் ஒரே வெண்மை. விலையில் ஒன்று மற்றதைப்போலப் பல மடங்கு.

"அம்மம்மா, ரெண்டும் ஒரே நிறமாத்தானே கிடக்கு. பிறகேன் அவ்வளவு காசு? வெள்ளியே நல்லம் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் இருந்த துணிமுடிச்சை எடுத்து அவள் முன் அவிழ்த்து வைத்தேன். உள்ளே இருந்தவை இரண்டே பொருள்கள்: என் தாயாரின் வெள்ளித் தண்டை, அதுவும் ஒற்றை, மஞ்சளித்துப்போன ஒரு மோதிரம். இவ்வளவு பெரிய போரைக் கடந்து எங்கள் வீட்டில் மிஞ்சிய நகைகள் இவைதான். அன்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நீங்களும் என் பிள்ளைகள்தான்.

என் தாயார் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். அந்த நாளில் தோட்டத்துப் பெண்களுக்குத் தங்கம் என்பது காதில் ஒரு சிறு தோடும் மூக்கில் ஒரு மூக்குத்தியும்தான். மற்றதெல்லாம் வெள்ளி. தங்கத்தை மகாலட்சுமி என்று காலில் போடமாட்டார்கள். வெள்ளிக்கு அந்தத் தடை இல்லை. அதைவிட, வெள்ளி ஏழையின் கைக்கு எட்டும். கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து அம்மா வாங்கிய சொத்து அந்தச் சோடித் தண்டை. "காசு கையில இருந்தா கரைஞ்சிரும் புள்ள. கால்ல கெடந்தா கெடக்கும்" என்பார். வங்கியின் வாசலை மிதித்தறியாத ஒருத்தியின் பொருளாதாரம் அது. அதில் பிழை கண்டவர் எவரையும் நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

1977 ஓகஸ்ட் கலவரத்தில் எங்கள் லயத்தையும் கொளுத்த வந்தார்கள். இரவு முழுவதும் தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கிக் கிடந்தோம். தண்டைக்குள் பரல் இருக்கும். அசைந்தால் சத்தம் போடும். அம்மா இரண்டையும் கழற்றி, சேலைத் தலைப்பைக் கிழித்து இறுகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் காலில் அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை.

எங்களைப்போலப் பல குடும்பங்கள் அப்போது வன்னிக்கு வந்தன. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் இந்தத் தர்மபுரத்தில் காடு வெட்டிக் கொட்டில் போட்டோம். முதல் மழைக்கு முன் கச்சான் போட விதை வேண்டும், மண்வெட்டி வேண்டும். அம்மா ஒரு தண்டையை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். நானும் கூடப் போனேன். பத்தர் அதைத் தராசில் வைக்குமுன் பிரித்து உள்ளே இருந்த பரல்களைக் கொட்டினார். "அம்மா, வெள்ளிக்குத்தான் காசு, பரலுக்கு இல்லை" என்றார். நேர்மையான மனிதர். அம்மா அந்தப் பரல்களைக் கேட்டு வாங்கி முடிந்துகொண்டார். அந்த வெள்ளியில்தான் எங்கள் முதல் கச்சான் முளைத்தது. மற்றத் தண்டையை விற்கவும் இல்லை, ஒற்றையாகக் காலில் போடவும் இல்லை.

வெள்ளி கறுக்கும். அதை ஒரு குறையாகச் சொல்வார்கள். 1990களில் வன்னிக்குப் பொருள் வராத காலத்தில், ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்தோம். மண்ணெண்ணெயில் கந்தகம் உண்டு. வெள்ளியில் கந்தகம் பட்டால் கருமை படியும். பெட்டிக்குள் இருந்தும் தண்டை அடுப்புக்கரி போல ஆகிவிடும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா திருநீற்றைத் துணியில் தொட்டுத் தேய்ப்பார். சற்று நேரத்தில் பழைய வெண்மை திரும்பிவிடும். பட்டறை தேவையில்லை, கூலி தேவையில்லை. வெள்ளியின் அழுக்கு மேலோடு நிற்பது. அதை உடையவளின் விரலே நீக்கிவிடும்.

இனி மோதிரம்.

2002இல் சமாதான ஒப்பந்தம் வந்து ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் என் மகளின் கல்யாணத்துக்குச் சுவிஸிலிருந்து என் தம்பி வந்தான். பத்தொன்பது வருடம் கழித்துப் பார்த்த முகம். வந்தவன் மருமகளின் விரலில் ஒரு வெள்ளை மோதிரத்தைப் போட்டுவிட்டான். கண்ணாடி போல மின்னியது. ஊர்ப் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

மகள் அதைக் கழற்றாமல் போட்டாள். வயல், அடுப்பு, கிணற்றடி, பிள்ளைக் குளிப்பாட்டல் எல்லாம் அந்தக் கையால்தான். மூன்று வருடத்துக்குள் மோதிரத்தின் அடிப்பக்கம் மஞ்சளிக்கத் தொடங்கியது. பிறகு மேலும் மஞ்சளித்தது. பித்தளையில் முலாம் பூசிக் கொண்டுவந்து கல்யாண வீட்டில் போட்டிருக்கிறான் என்று வீட்டில் ஒருவர் சொன்னார். "அப்படி இருக்காது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் மனதிலும் அதே எண்ணம்தான் ஓடியது. மகள் மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். தம்பிக்கு நான் எழுதும் கடிதங்கள் சுருங்கின. அவன் காரணம் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

2009 தை மாதம் தர்மபுரத்தை விட்டு வெளிக்கிட்டோம். விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, கடைசியில் மாத்தளன். அந்த மாதங்களைப் பற்றி விரித்து எழுத இது இடமில்லை. நகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் தாலிக்கொடி உடையார்கட்டில் போனது. கழுத்தில் மஞ்சள் கயிறு மிஞ்சியது. மாத்தளனில் மகளின் இரண்டு காப்புகளும் நான்கு கிலோ அரிசிக்கும் ஒரு பால்மாப் பெட்டிக்கும் போயின. பால்மா இந்தப் பேத்திக்குத்தான். அப்போது அவளுக்கு ஐந்து வயது. தங்கத்தைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். தங்கம் எங்களுக்குச் சோறு போட்டது.

காப்புகள் முடிந்த பிறகு தண்டையைக் கொண்டுபோனேன். வியாபாரி கையில்கூட வாங்கவில்லை. "வெள்ளிய வைச்சு நான் என்ன செய்யிறது அம்மா?" என்றார். மோதிரத்தை நீட்டினேன். வாங்கி நிலத்துக் கல்லில் உரசினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது பவுண் இல்லை" என்று திருப்பித் தந்தார். அன்று என் தம்பியை மனதுக்குள் எவ்வளவு வைதேன் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு சுருங்குகிறது. சித்திரையில் கடலேரியைத் தாண்டி வந்தபோது என் முந்தானை முடிச்சில் இருந்தவை யாரும் வேண்டாம் என்று சொன்ன இந்த இரண்டும்தான். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அந்த முடிச்சைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

ஊர் திரும்பிக் கூரை போட்டபின், 2012இல் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்கு ஒரு வேலையாகப் போனபோது, பித்தளை என்றால் பித்தளை என்றாவது தெரியட்டும் என்று மோதிரத்தை ஒரு நகைக்கடையில் காட்டினேன். அங்கிருந்த முதியவர் பூதக்கண்ணாடியால் உட்பக்கம் பார்த்தார். "அம்மா, 750 எண்டு அடிச்சிருக்கு. இது பதினெட்டுக் கரட். வெள்ளைத் தங்கம்" என்றார். நான் நம்பவில்லை. உரைகல்லில் உரசி, திராவகம் விட்டு என் கண்முன்னே காட்டினார்.

பிறகு ஆறுதலாக உட்காரவைத்து விளங்கப்படுத்தினார். தங்கம் பிறவியிலேயே மஞ்சள். அதில் நூற்றுக்கு 75 பங்கு வைத்து, மிச்சத்துக்குப் பல்லேடியமோ நிக்கலோ, வெள்ளியும் துத்தநாகமும் கலந்து உருக்கினால் மஞ்சள் வெளிறிவிடும், முழு வெள்ளையாகிவிடாது. அந்த மிச்ச மஞ்சளை மறைக்க ரோடியம் என்ற உலோகத்தை மெல்லிய தோலாகப் பூசுகிறார்கள். கடையில் நாம் பார்க்கிற கண்ணாடி வெண்மை அந்த ரோடியத்தின் வெண்மை. தினமும் போட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் தேயத் தொடங்கும்; திரும்பப் பூச வேண்டும். "மஞ்சள் வந்தது உள்ளுக்குத் தங்கம் இருக்கிறபடியால்தான் அம்மா. வெள்ளியாய் இருந்தால் கறுத்திருக்கும்" என்றார்.

வெள்ளி கறுக்கும் என்பதை என் தாயின் தண்டை முப்பது வருடமாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அறிவைக் கொண்டு நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓர் உலோகத்தின் குணம் தெரியாமல், என் கூடப்பிறந்தவனின் குணத்தைச் சந்தேகித்தேன்.

அன்றிரவே தம்பிக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அக்கா, அதின்ர ரசீது இன்னும் என்னட்டக் கிடக்கு. வேலை நிரந்தரமாகி நான் வாங்கின முதல் நகை அது" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வைத திட்டுக்களைத் திருப்பி எடுத்துவிடலாம்; எழுதாமல் விட்ட கடிதங்களை இனி எங்கே போய் எழுதுவது?

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும். வன்னி மண் கண்ணகியைத் தாயாகக் கும்பிடுகிற மண். அவள் கையில் மிஞ்சியதும் ஒற்றைச் சிலம்புதான். வெளியே பார்த்தால் அரசியின் சிலம்பும் அவள் சிலம்பும் ஒன்றுபோல. உடைத்த பிறகுதான் உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்று தெரிந்தது. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. உடைப்பதற்கு முன்பே கேட்டுப் பார்க்கிற பொறுமை அந்த அரசனுக்கு இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை.

ஆகவே பிள்ளைகளே, வெள்ளியா வெள்ளைத் தங்கமா என்று என்னைக் கேட்டால், நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதே என் முதல் சொல். தேய்ந்தால் என்ன செய்வாய், விற்க நேர்ந்தால் யார் வாங்குவார், அடைவு வைக்க நேர்ந்தால் யார் எடுப்பார் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகள் கல்யாண வீட்டில் அபசகுனம் போல ஒலிக்கலாம். ஆனால் நாங்கள் நகையை உபயோகித்த நாட்கள் எல்லாம் கெட்ட நாட்களே.

வெள்ளைத் தங்கத்தின் வலிமையை நான் மறைக்க மாட்டேன். அது வெள்ளியைவிட உறுதியானது. கல் பதித்த மோதிரத்தைத் தினமும் போடப் போகிறாய் என்றால் வெள்ளியில் எடுக்காதே. வெள்ளியின் பற்கள் மெல்ல வளைந்து ஒரு நாள் கல் விழுந்துவிடும். அதே அளவு மோதிரம் வெள்ளைத் தங்கத்தில் கைக்குக் கனமாகவும் இருக்கும். உள்ளே இருக்கிற தங்கத்துக்கு எந்தக் காலத்திலும் பெறுமதி உண்டு. ஆனால் ரோடியம் பூச யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோதான் போக வேண்டும். தர்மபுரத்தில் அதற்கு இடமில்லை. கனடாவில் வாழப் போகிறவளுக்கு அது ஒரு கடைக்குப் போய்வருகிற வேலை. இங்கே வயலும் அடுப்புமாக வாழ்கிறவளுக்கு ஒரு நாள் கூலி. நிக்கல் கலந்ததாக இருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும். வாங்குமுன் என்ன கலந்தது என்று கேட்க வேண்டும். ஐரோப்பாவில் தோலில் படும் நகைகளிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பிளாட்டினத்துக்கு மாற்றாக வந்ததுதான் வெள்ளைத் தங்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பிளாட்டினத்தைப் போர்த்தேவைக்கென்று ஒதுக்கிவைத்தபோது அங்கே கல்யாண மோதிரங்கள் வெள்ளைத் தங்கத்தில் செய்யப்பட்டன. போர்க்காலப் பற்றாக்குறையில் கைகொடுத்த ஓர் உலோகத்தை, இன்னொரு போருக்குள் பித்தளை என்று நினைத்து நான் முடிந்து வைத்திருந்தேன்.

வெள்ளியில் 925 என்ற முத்திரை இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. மிச்சம் பெரும்பாலும் செம்பு. கலப்பில்லாத வெள்ளி மோதிரத்துக்கு ஆகாது, வளைந்துவிடும். எங்கள் பக்கத்து வங்கிகள் அடைவுக்குத் தங்கத்தைத்தான் எடுக்கின்றன. ஆகவே வெள்ளியை ஆபத்துக்கு உதவும் என்று எண்ணி வாங்காதே; விரும்பி வாங்கு, போட்டுத் தேய். 2022இல் ரூபாய் விழுந்தபோது பவுண் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2025இல் மூன்று இலட்சத்தையும் தாண்டிவிட்டது. தங்கம் வாங்க முடியவில்லை என்று எத்தனையோ பெற்றோர் கடன்பட்டார்கள். வெள்ளிக் கொடியில் தாலி கட்டிக்கொண்டு நிமிர்ந்து வாழ்கிற பெண்ணைப் பார்த்து நான் தலைவணங்குவேன். பொன் வைக்கிற இடத்தில் பூ வைக்கலாம் என்று சொன்ன முன்னோர் அதை வறியவருக்கு ஆறுதலாக மட்டும் சொல்லவில்லை.

எந்த உலோகமாக இருந்தாலும் எடை, கரட், முத்திரை மூன்றையும் எழுதிய ரசீதை வாங்குங்கள், வாங்கியதைப் பத்திரப்படுத்துங்கள். என் கணவர் வீட்டில் பொன்னுருக்கல் செய்தபோது, குத்துவிளக்கின் முன்னே உறவினர் எல்லோரும் பார்த்திருக்கப் பத்தர் நாணயத்தை உருக்கினார். எவ்வளவு பொன் உள்ளே போனது என்பதற்கு அத்தனை கண்களும் சாட்சி. இப்போது கண்ணாடிப் பெட்டியிலிருந்து வாங்குகிறோம்; அந்தக் கண்களின் இடத்தில் இருப்பது இந்தக் கடதாசிதான். 1994இல் தொடங்கிய புலிகளின் வங்கியான தமிழீழ வைப்பகத்தில் வன்னியில் பலர் நகைகளை அடைவு வைத்திருந்தார்கள். போருக்குப்பின் இராணுவத்தின் கைக்குப் போன அந்த நகைகளில் சில 2014இல் உரியவர்களிடம் கொடுக்கப்பட்டன. 2025 மே மாதத்தில் இராணுவம் தன்னிடமிருந்தவற்றைப் பொலிஸாரிடம் கையளித்தது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று எங்கள் தெருவில் ஒரு தாய் பழைய பெட்டிகளை எல்லாம் வாசலில் கொட்டி, பற்றுச்சீட்டைத் தேடினார். பின்னேரம் நான் போனபோதும் தேடிக்கொண்டிருந்தார். நகை எதுவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். தோட்டின் அடியில் இருந்த சிறு நெளிவைக்கூட எனக்கு விவரித்தார்.

பேத்தி எல்லாவற்றையும் கேட்டாள். நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "மாப்பிள்ளை கையில இருக்கிற காசிலயோ வாங்கிறார், கடன் அட்டையிலயோ?" அவள் சற்றுத் தயங்கி, "கட்டுக்காசு அம்மம்மா. ரெண்டு வருசத்துக்கு" என்றாள். பிறகு முடிச்சில் இருந்த மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருந்தது, கையை இறக்கினால் கழன்றுவிடும். "இதையே நான் போடட்டோ? அம்மா ஓமெண்டு சொன்னால், அவருக்கு மட்டும் ஒரு வெள்ளி மோதிரம் எடுக்கச் சொல்லுறன்" என்றாள். அவள் தாய் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசாமல் தலையை அசைத்தாள்.

போன திங்கட்கிழமை மூன்று பேருமாகக் கஸ்தூரியார் வீதிக்குப் போனோம். அந்த முதியவர் இப்போது இல்லை. அவருடைய மகன் இருந்தார். வளையத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் பொருத்தி ஊதினார். மினுக்கி முடித்தபின், "வெள்ளை பூசித் தரவோ?" என்று கேட்டார். பேத்தி தாயைப் பார்த்தாள். தாய் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"வேண்டாம் அண்ணை. இப்பிடியே இருக்கட்டும்" என்றாள்.

வெட்டி எடுத்த துண்டை அவர் எங்கள் முன்னாலேயே தராசில் வைத்து நிறுத்தார். ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. சிறு கடதாசியில் மடித்து, எடையை மேலே எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து அந்தக் கடதாசியைத் தண்டையோடு சேர்த்து முடிந்து வைத்தேன்.